இரண்டாவது பூட்டு

பொங்கலுக்குச் சொந்த ஊர் போயிருந்த ஒரு குடும்பம், சில வருஷங்களுக்கு முன்பு, விடியற்காலையில் கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, தூக்கம் கலையாத இரண்டு குழந்தைகளும் ஒரு மூட்டைப் புது அரிசியும் மஞ்சள் கொத்துமாகத் திருவல்லிக்கேணிக்கு வந்து, பதினோரு வருஷமாகத் தாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படி ஏறியபோது, தாங்கள் பூட்டிவிட்டுப் போன பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டுத் தொங்குவதைக் கண்டார்கள். விலைச்சீட்டுக்கூட உரிக்கப்படாத புதுப் பூட்டு அது. எதிர்ப் பகுதியில் குடியிருந்த நானும் முந்தின இரவுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். குரல் கேட்டுக் கதவைத் திறந்தபோது, அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் தன் சாவியைத் தன் பூட்டில் நுழைத்துத் திறந்து, அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றப் பூட்டையே பார்த்தபடி நின்றிருந்தாள். அன்று பள்ளிக்கூடம் திறக்கும் நாள். பையனுடைய புஸ்தகப் பையும் யூனிபாரமும் அந்தக் கதவுக்கு உட்புறம் இருந்தன.

அவள் கணவர் தையல் தொழிலாளி. படியில் உட்கார்ந்துகொண்டு அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "வீடு அவங்களுதுதானே ஸார்? நாம என்ன பண்ண முடியும்?"

வாடகைக்குக் குடியிருப்போரில் பெரும்பாலோர் மனத்தில், கேட்காமலே விடை தெரிந்துவிட்டதுபோல் படிந்து கிடக்கும் கேள்வி இது. வீடு யாருடையதோ அவர் எப்போது வேண்டுமானாலும் நம்மை வெளியேற்றலாம், ஏதோ அவருடைய தாட்சண்யத்தால் இருக்கிறோம் என்கிற நினைப்பு, மாதம் தவறாமல் குடக்கூலி கொடுத்துவரும் கண்ணியமான மனிதர்களைக்கூடச் சாமானைத் தெருவில் கண்ட மாத்திரத்தில் வேறு வீடு தேடி ஓடச் செய்துவிடுகிறது. அந்த நினைப்பு தவறு என்பதையும், தவறு என்று ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே நம் தேசத்தைப் பொறுத்தமட்டில் முடிவாகிவிட்டது என்பதையும் அந்த மனிதருக்கு அன்று படியில் உட்கார்ந்தே சொன்னேன். அதைச் சற்று விரிவாகச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் பார்த்தால், விற்றவர் வாங்கியவருக்குச் சொத்தைக் கொடுத்ததோடு "சுவாதீனம்" ஒப்படைத்ததையும் தனியே எழுதியிருப்பார்கள். சொத்தின் பாத்தியதை ஒன்று, அதன் சுவாதீனம் மற்றொன்று என்ற பேதம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் வீட்டை வாடகைக்கு விடும்போது பாத்தியதையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, சுவாதீனத்தை மட்டும் குடியிருப்பவரிடம் கொடுக்கிறார். சாவி கைமாறுவதன் அர்த்தம் அதுதான். அப்படிக் கொடுத்த சுவாதீனத்தைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தாமே தம் கையால் பறித்துக்கொள்ளும் உரிமை இல்லை. கோர்ட்டின் வழியாகக் கேட்டுப் பெறவேண்டும். மிட்னாப்பூர் ஜமீன்தாரிக் கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், அந்நாளில் நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் அமர்ந்திருந்த பிரிவி கவுன்சில் 1924-ஆம் வருஷத்திலேயே இந்தியாவைப் பொறுத்தமட்டில் இதுவே சட்டம் என்று தெளிவாக்கிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் நமது சுப்ரீம் கோர்ட்டும் பல முறை இதையே உறுதி செய்திருக்கிறது. 1989-இல் கிருஷ்ணராம் மஹாலே வழக்கில், ஒருவர் ஓர் இடத்தில் நிலையாகச் சுவாதீனத்தில் இருக்கிறார் என்றால், அங்கே தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் வழியாக அன்றி அவரை வெளியேற்றக் கூடாது என்று அது கூறியது.

உரிமை இல்லாதவரைக்கூட ஏன் சட்டம் காக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பதை இரு தரப்பையும் விசாரித்த பிறகே சொல்ல முடியும்; விசாரணைக்கு முன்பே ஆள்பலம் உள்ளவர் தம் நியாயத்தைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், தெருவில் நாலு பேரைத் திரட்டத் தெரிந்தவனுக்கே வீடு என்று ஆகிவிடும். தவிரவும், ஒரு வீட்டுக்குள் இருப்பது நாலு சுவரும் கூரையும் மாத்திரமல்ல. அடுப்பும், மருந்துச் சீட்டும், பள்ளிக்கூடப் புஸ்தகமும், தைத்து முடித்துக் கொடுக்கவேண்டிய பிறத்தியார் துணியும் அங்கேதான் இருக்கின்றன. ஒரே ஒரு பூட்டினால் அத்தனையும் ஒரு நொடியில் நின்றுபோகின்றன. பிறகு எத்தனை மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தாலும் அந்த நாட்களை யாரும் திருப்பித் தரமுடியாது.

ஆகவேதான் சட்டம் இதற்கென்று துரிதமான ஒரு பரிகாரத்தை வைத்திருக்கிறது. 1963-ஆம் வருஷத்துக் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, தம் சம்மதமின்றியும் சட்டமுறைப்படி அல்லாமலும் வெளியேற்றப்பட்ட எவரும், வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாவாத் தொடுத்துச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். இதற்கு மூலமான பிரிவு 1877-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. இந்தத் தாவாவில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எடுபடாது. கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் அது பதிலாகாது. நீங்கள் சுவாதீனத்தில் இருந்தீர்களா, உங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றினார்களா என்ற இரண்டே கேள்விகள்தாம். தீர்ப்பின்மீது அப்பீலும் கிடையாது. அரசாங்கத்தின்மீது மட்டும் இந்தப் பிரிவின்கீழ் வழக்குத் தொடுக்க இயலாது. பாதிக்கப்பட்டவர்கள் முக்கியமாக மனத்தில் கொள்ளவேண்டியது அந்த ஆறு மாதக் கெடுவைத்தான். சமாதானம் பேசிப் பேசியே அதைத் தாண்டிவிட்டு வக்கீலிடம் வருகிறவர்களுக்கு இந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது.

இன்னொரு பொய்யான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடவேண்டும். நம் ஊர்களில் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கே எழுதப்படுகிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்வதால் ஏற்பட்ட வழக்கம் இது. பதினோராவது மாதம் முடிந்ததும் வீட்டுக்காரர் வந்து பூட்டிக்கொள்ளலாம் என்று இரு தரப்பாருமே நினைக்கிறார்கள். அப்படியல்ல. காலக்கெடு முடிந்தால் காலி செய்யச் சொல்லிக் கேட்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான். கேட்கவேண்டிய இடம் கோர்ட்டு.

இனி நம் மாகாணத்துக்கே உரிய சட்டத்துக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941-இல், பாதுகாப்பு விதிகளின்கீழ் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அதைத் தொடர்ந்து 1946-லும் 1949-லும் 1960-லும் சட்டங்கள் வந்தன. அறுபதாம் வருஷத்துச் சட்டம் ஏறக்குறைய அறுபது ஆண்டு நின்று நிலவிய பின், அதன் இடத்தில் 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. பழைய சட்டம் நியாய வாடகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்குக் கொடுத்திருந்தது. புதிய சட்டம் வாடகையை இருவரின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. இதில் குடித்தனக்காரர்கள் இழந்தது சிறிதல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் வெளியேற்றும் விஷயத்தில் மூலமான கொள்கை மாறவில்லை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை, சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கும் காரணங்களுள் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்து உத்தரவு பெற்றாலொழிய யாரையும் வெளியேற்றலாகாது.

அந்தக் காரணங்கள் நியாயமானவையே. இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டுக்காரரின் எழுத்துமூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல், எச்சரித்த பின்னும் வீட்டைத் தகாத முறையில் உபயோகித்தல், இடித்துக் கட்டவேண்டிய அவசியம், வீட்டுக்காரரின் சொந்தக் குடியிருப்புத் தேவை முதலியவை அவை. பாக்கிக்காக மனுச் செய்யப்பட்டாலும், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவிடலாகாது என்று சட்டம் ஒரு வாய்ப்பும் தருகிறது. வீட்டுக்காரர் எல்லோரும் செல்வந்தர் அல்லர் என்பதை நான் மறக்கவில்லை. கணவர் விட்டுப்போன ஒரே மாடிப்பகுதியின் வாடகையில் மருந்து வாங்கிக் காலம் தள்ளும் விதவைத் தாய்மார் எத்தனையோ பேர். வாடகையும் தராமல் வீட்டையும் விடாமல் வருஷக்கணக்கில் அவர்களை இழுத்தடித்த குடித்தனக்காரர்களை நானே கண்டிருக்கிறேன். அந்தத் தாய்மாருக்கு வேண்டியது கோர்ட்டிலிருந்து விரைவில் ஓர் உத்தரவு. உத்தரவு கிடைத்தபின்னும் வீட்டைத் திறந்து சாமானை வெளியே வைக்க அதிகாரம் உள்ளவர் வாரண்டோடு வரும் கோர்ட்டு அமீனா ஒருவரே. வீட்டுக்காரரின் மகனோ, மைத்துனனோ, புரோக்கரோ அல்லர்.

சட்டவிரோதமாகக் காலி செய்யவைப்பது என்றதும் தடியோடு வரும் ஆட்களையே நாம் கற்பனை செய்கிறோம். அது அபூர்வம். பெரும்பாலும் அது தண்ணீரில்தான் தொடங்குகிறது. திருவல்லிக்கேணிக் குடும்பத்துக்கும் அப்படியே நேர்ந்தது. பழைய வீட்டுக்காரர் காலமானதும், வீட்டை ஒரு பில்டரிடம் கொடுக்க விரும்பிய அவர் மகன், காலையில் மோட்டார் போடுவதை நிறுத்தினார். கேட்டால் காயில் போய்விட்டது என்றார். கீழ்ப் பகுதிக்கு மட்டும் தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் தெருமுனை அடிபம்பிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் மாடிக்குத் தண்ணீர் சுமக்கத் தொடங்கினாள். மார்கழி மாதத்தில் கோலம் போடக்கூட வாசலை நனைக்காமல் வெறும் தரையிலேயே போட்டாள். பிறகு மாடிப்படி விளக்கு எரியவில்லை. பிறகு ஒரு நாள் ஃபியூஸ் கட்டையைக் காணோம். தையல்காரர் மெழுகுவத்தியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்த மாதம் வாடகை கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் சொன்னார்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது. குடித்தனக்காரர் அனுபவித்துவரும் வசதிகளில் வீட்டுக்காரர் தலையிடக் கூடாது என்று 1960-ஆம் வருஷத்துச் சட்டமே 17-ஆவது பிரிவில் தடுத்திருந்தது. இப்போதைய சட்டத்தின் 20-ஆவது பிரிவு, தண்ணீர், மின்சாரம், நடைவழியிலும் மாடிப்படியிலும் விளக்கு, சுகாதார வசதி முதலிய அத்தியாவசிய சேவைகளை வீட்டுக்காரர் தாமாகவோ வேறொருவர் மூலமாகவோ நிறுத்தலாகாது என்கிறது. நிறுத்தினால், மாவட்டக் கலெக்டரால் நியமிக்கப்பட்டுள்ள வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திராமல், உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. மின்சாரத்தைப் பொறுத்தவரை இன்னொன்று: வீட்டில் குடியிருப்பவரும் தம் பெயரில் இணைப்புக் கேட்கலாம் என்று 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் இடமளிக்கிறது. வீட்டுக்காரர் ஆட்சேபமின்மைக் கடிதம் தரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது, அது அடிப்படை வசதி என்று சுப்ரீம் கோர்ட் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வாடகையை வாங்க மறுப்பதுதான். பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றாது. சிலர் வாங்காவிட்டால் நமக்கு லாபம்தானே என்றுகூட நினைத்துவிடுவார்கள். ஆனால் இரண்டு மாதம் போனால் பாக்கிக்காரர் என்ற பெயர் உங்கள் தலையில் விழுகிறது. அதுவரை காரணமில்லாதிருந்தவருக்கு நீங்களே காரணத்தைக் கொடுத்தவராகிறீர்கள். பழைய சட்டத்தின் காலத்தில் இதற்கு ஒரு கிரமம் இருந்தது: வாங்க மறுத்தால் எந்த பாங்கில் கட்டவேண்டும் என்று கேட்டு நோட்டீஸ் கொடுத்து, பதில் இல்லாவிட்டால் மணியார்டர் அனுப்பி, அதையும் மறுத்தால் அனுமதி பெற்றுக் கோர்ட்டில் கட்டிவரலாம். தபால்காரர் எழுதிக்கொடுத்த "வாங்க மறுத்துவிட்டார்" என்ற ஒரு வரியை இரும்புப் பெட்டியில் பத்திரப்படுத்திய குடும்பங்கள் இந்த நகரத்தில் அநேகம். இப்போது வாடகையை நேரே வீட்டுக்காரரின் கணக்குக்கு அனுப்பிவிடலாம். அதற்கு வழியில்லாவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். கையில் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்கவேண்டும். சிநேகமாக இருக்கிறோமே, ரசீது கேட்டால் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட்டவர்களே பிற்பாடு அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. யார் குடியிருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது போலீசாரின் வேலையன்று. அதே நியாயத்தால், காலி செய்து கொடுக்கும்படி வீட்டுக்காரருக்காகப் பரிந்து மிரட்டுவதும் அவர்கள் வேலையன்று. ஆனால் பிறர் சுவாதீனத்தில் இருக்கும் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதும், சாமானை உடைப்பதும், வழிமறிப்பதும், மிரட்டுவதும் குற்றங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை குற்றங்களே. ஆகவே புகார் எழுத்தில் இருக்கவேண்டும். தேதியும் நேரமும் வேண்டும். என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதவேண்டும். எப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. சுவாதீனத் தகராறினால் அமைதிக்குப் பங்கம் வரும் என்று போலீசார் அறிக்கை கொடுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164-ஆவது பிரிவின்கீழ் நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம். அறிக்கை வருவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை இன்னும் சுவாதீனத்தில் இருப்பவராகவே பாவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

இத்தனையும் பலிக்க வேண்டுமானால், நீங்கள் அங்கே குடியிருந்தீர்கள் என்று காட்டவேண்டும். வாய்ப்பேச்சில் வந்தவர்கள் இடறுவது இங்கேதான். புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகி, பதிவு எண்ணும் பெற்றிருக்கவேண்டும். நடைமுறையில் எத்தனையோ பேரிடம் அது இல்லை. இல்லாதவர்கள் திகைத்து உட்காரவேண்டியதில்லை. ரேஷன் கார்டு, சமையல் வாயு புத்தகம், குழந்தையின் பள்ளிக்கூடச் சான்றிதழ், அந்த விலாசத்துக்கு வந்த பாங்குக் கடிதம், வாடகை போன கணக்கு வரிகள், பக்கத்து வீட்டார் சாட்சி எல்லாம் சுவாதீனத்தைப் பேசுகிற ஆதாரங்களே. விலாசத்தை மாற்றிக்கொள்ளாதே என்று சில வீட்டுக்காரர்கள் முதலிலேயே நிபந்தனை போடுவதன் உள்ளர்த்தம் இதுதான். எந்தக் கோர்ட்டுக்கு எந்த மனு என்பது வக்கீல் தீர்மானிக்கவேண்டிய விஷயம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால், கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானத்தைப் பாராமலே இலவசமாக வக்கீல் அமர்த்திக் கொடுக்க 1987-ஆம் வருஷத்துச் சட்டம் வகை செய்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். குத்தகை கணவர் பெயரில் இருந்தாலும் வெளியே நிறுத்தப்படுகிறவள் மனைவியும்தான் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டால், இந்தச் சலுகை எத்தனை குடும்பங்களுக்கு எட்டும் என்பது விளங்கும்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் மிச்சம். வீட்டை வாங்கிவிட்டேன், நாளைக்கே காலி செய் என்று வருகிறவர் விற்றவரின் ஸ்தானத்தில் வந்து நிற்கிறவர். விற்றவருக்கு இல்லாத உரிமை அவருக்குப் புதிதாக முளைப்பதில்லை. அடுத்தது, எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டமா என்பது. 2017-ஆம் வருஷத்துச் சட்டம் நகர்ப்புறங்களுக்கே பொருந்தும். அரசாங்கக் கட்டடங்களுக்கும் சில அறநிலையச் சொத்துக்களுக்கும் வேறு சட்டங்கள் உண்டு. கிராமத்து வீடானால் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமும் சிவில் கோர்ட்டும். ஆனால் அங்கும் தானே பூட்டிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கும் இல்லை.

திருவல்லிக்கேணியில் அந்த இரண்டாவது பூட்டைக் கண்ட அன்று காலை ஏழு மணிக்குள் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து புகாரை எழுதினோம். தையல்காரர் பூட்டை உடைத்துவிடலாமா என்று ஒரு முறை கேட்டார். அவர் மனைவி வேண்டாம் என்றாள். இரண்டு பூட்டும் தெரியும்படி கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் சி.எஸ்.ஆர். கிடைத்தது. மறுநாள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அந்த அம்மாள் பெயரில் மனுக் கொடுத்து, வீட்டுக்காரர் மகனுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. குழந்தைகள் எங்கள் வீட்டில் தூங்கின. பையன் பிரின்ஸிபாலுக்கு எழுதிய கடிதத்தோடு வண்ணச் சட்டையில் பள்ளிக்கூடம் போனான். நாலாம் நாள் மாலை அந்த மகன் தாமே வந்து, எங்கள் இருவர் முன்னிலையில், புதுப் பூட்டைத் திறந்து எடுத்துப்போனார். மோட்டாரும் மறுநாள் ஓடிற்று.

வீடு இடிபடத்தான் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உட்கார்ந்து பேசி, எழுத்தில், ஆறு மாத அவகாசம் தருவதாகவும் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தருவதாகவும் முடிவு செய்துகொண்டார்கள். ஆனி மாதம், வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, ஒரு சனிக்கிழமை காலையில் சாமானை வண்டியில் ஏற்றினார்கள். அந்த அம்மாள் இரண்டு அறையையும் பெருக்கித் துடைத்து, மாடத்திலிருந்த விளக்கை எடுத்துப் புடைவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, கதவைச் சாத்தித் தன் பழைய பூட்டைப் போட்டுப் பூட்டினாள். பிறகு படியில் காத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மகனிடம் அட்வான்ஸ் பணத்தை எண்ணி வாங்கி, ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியை அவர் கையில் வைத்தாள்.